அகராதியும் குறிச்சொல்லும்: பாலவனத்தத்திலிருந்து ஒரு பார்வை

சொற்களை அகர வரிசையில் அடுக்குவது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. தமிழில் அது நெடுங்கால வழக்கமன்று. திவாகரம் முதலான பழைய நிகண்டுகள் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் எனப் பெரும்பாலும் பொருள்வகையாலேயே சொற்களைத் தொகுத்தன. மனப்பாடம் செய்தவனுக்கே சொல் கைவரும். 1594-இல் சிதம்பரம் ரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் நிறுத்தியது. 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அம்முறையைச் செம்மையாக்கியது. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் அதன் நான்கு பகுதிகளும் நான்கு வகைத் தேடல்களுக்கு விடைகள்.

இவ்வரலாற்றில் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள வானம்பார்த்த பூமிக்கும் பங்குண்டு. பாலவனத்தம் ஜமீன்தார் பொ. பாண்டித்துரைத் தேவர் (1867-1911) மதுரையில் ஒருமுறை கம்பராமாயணப் பிரதி தேடிக் கிடைக்காமல் வருந்தினார் என்பர். 1901-இல் அவர் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். நூலகமும் செந்தமிழ் இதழும் தொடர்ந்தன. சென்னை ஆசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணியை அச்சிட ஆதரவின்றி நின்றபோது கைகொடுத்தவரும் அவரே. 1910-இல் அது வெளிவந்தது. புராணம், இலக்கியம், அரசர், புலவர் அனைத்தும் ஒரே அகர வரிசையில் அமைந்த அந்நூலைத் தமிழின் முதல் கலைக்களஞ்சியம் எனப் போற்றுகிறோம்.

இன்று மின்னூலகங்களில் ஒவ்வொரு படைப்புக்கும் குறிச்சொற்கள் இடுகிறார்கள். ஓரிரு எழுத்துகளைத் தட்டியதும், முன்பே வழங்கும் சொற்களைப் பெட்டி பட்டியலிட வேண்டும். ஒன்றைத் தேர்ந்தால் அது படைப்போடு ஒட்டிக்கொள்ளும். இதன் நோக்கம் விரல்களின் உழைப்பைக் குறைப்பது மட்டுமன்று. ஒருவர் 'புறநானூறு' என்றும், மற்றவர் 'புறம்' என்றும், இன்னொருவர் 'புறப்பாட்டு' என்றும் எழுதினால் ஒரே பொருள் மூன்றாகச் சிதறும். முன்னிருக்கும் சொல்லைக் காட்டுவதே அச்சிதறலைத் தடுக்கும் வேலி.

ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே தமிழுக்கு வைத்தால் இடறும். 'கபிலர்' என ஒலிபெயர்ப்பு முறையில் தட்டத் தொடங்கினால் திரையில் முதலில் தோன்றுவது 'க்'. அப்படித் தொடங்கும் சொல் பட்டியலில் இராது, பெட்டி வெறுமையாகிவிடும். தனிமெய் மொழிக்கு முதலில் வாராது என நம் இலக்கணம் என்றோ விதித்துவிட்டது. ஆகவே இறுதிப் புள்ளியை நீக்கிவிட்டு ஒப்பிடுவதே முறை. 'கம்' எனத் தட்டியவருக்குக் கம்பரும் கிடைப்பார், கமலமும் கிடைக்கும்.

இரண்டாவது இடர், எழுத்தின் உள்வடிவம். ஒருங்குறியில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவாக்க வேண்டும். மூன்றாவது, வரிசை. ஒருங்குறி எண்வரிசையில் னகரம் பகரத்துக்கு முன்னே நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். எண்வரிசையை நம்பினால் 'மனம்' முன்னும் 'மரம்' பின்னும் வரும். அகராதி புரட்டிப் பழகிய கண்ணுக்கு அது தலைகீழ்.

நான்காவதை நிரல் தானே தீர்க்காது. கபிலர் என்றால் சாங்கியம் வகுத்த முனிவரா, பாரியின் தோழரா? பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு விளக்கம் காட்டாத பெட்டி, தவறான கபிலரிடம் நம்மை ஒப்படைத்துவிடும். அந்த விளக்கத்தை எழுத நூலறிந்த ஒருவர் வேண்டும்.

தமிழ்த் துறைகள் கணினித் துறைகளோடு அமர்ந்து பேச வேண்டிய இடம் இதுவே. நன்னூலில் மொழிமுதல் எழுத்துகளைத் தேர்வுக்காக மட்டும் மனனம் செய்யும் மாணவன், அவ்விதி ஒரு தேடுபெட்டியைச் சீராக்கும் என்று அறிந்தால் இலக்கணத்தை வேறு கண்ணால் காண்பான். நூல் அழிந்தால்தான் இழப்பு என்பதில்லை. இருந்தும் தேடுபவன் கையில் அகப்படாவிட்டால் அதுவும் இழப்பே. பாலவனத்தத்தார் தம் செல்வத்தைச் செலவிட்டது அவ்விழப்பைத் தடுக்கத்தான்.