சிவந்த ஒளி சொல்லும் செய்தி

1922ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் ஜப்பானுக்குச் செல்லும் வழியில் சிங்கப்பூரில் இறங்கினார். ஜெருசலேம் சர்வகலாசாலைக்குப் பொருள் திரட்ட வந்த அவருக்கு, செல்வர் மனாசே மேயர் வரவேற்பளித்தார். ஆனால் ஒருவருக்குக் கிடைக்கும் வரவேற்பு அவர் கொள்கைக்குச் சான்றாகுமோ? ஆகாதன்றோ!

அதற்கு ஆறு வாரங்களுக்கு முன், செப்டம்பர் 21இல் பூரண சூரிய கிரகணம் நேர்ந்தது. சூரியனருகே வரும் நட்சத்திர ஒளி வளைகிறதா என்று காண, அன்று சிங்கப்பூர் ஆட்சிக்குட்பட்டிருந்த கிறிஸ்துமஸ் தீவில் வான நூலார் காத்திருந்தனர். மேகம் மறைத்துவிட்டது. ஆயினும் ஆஸ்திரேலியாவின் வாலலில் எடுத்த படங்கள் வளைவை உறுதிசெய்தன.

அக்கொள்கையின் மற்றொரு முடிவு யாதெனில், ஈர்ப்பு மிகுந்த இடத்திலிருந்து வெளிவரும் ஒளி சற்றே செந்நிறத்தின் பக்கம் சாயும் என்பதாம். தமிழகத்துக் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தில் ஜான் எவர்ஷெட் இதனைச் சூரிய ஒளியில் தேடினார். எதிர்பார்த்த சாய்வோ வினாடிக்கு 0.63 கிலோமீட்டர் வேகத்திற்கே ஈடு. சூரியன்மேல் கொதிக்கும் வாயுக்களின் ஓட்டமும் ஏறக்குறைய அத்தகையதே. ஆதலின் அவர் முதலில் ஐயுற்றார். பலகால் அளந்த பின்னரே ஒப்பினார்.

இதே சாய்வு நட்சத்திர மண்டலங்களின் கூட்டத்திலும் உண்டு. ஒளியின் செஞ்சாய்வைக் கொண்டே ஒரு மண்டலத்தின் தூரத்தை மதிக்கிறோம். கூட்டத்தின் நடுவில் ஈர்ப்பு மிகுதி. அங்குள்ள மண்டலத்தின் ஒளி கூடுதலாகச் சிவப்பதால், அது விளிம்பிலுள்ளவற்றைவிடச் சற்றுத் தொலைவிலிருப்பதுபோல் தோன்றும். வேறுபாடு வினாடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். தூரக் கணக்கில் ஏறத்தாழ 4½ லட்சம் ஒளியாண்டு. மண்டலங்களோ வினாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் எத்திசையிலும் ஓடுகின்றன. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் நாலாபக்கமும் நடப்போரில் ஒருவரைப் பார்த்து, கூட்டம் முழுவதும் ஓரடி நகர்ந்ததா என்று கூற இயலுமா? பல்லாயிரவரைச் சராசரி காணவேண்டும். கோபன்ஹேகன் சர்வகலாசாலையின் வோய்தாக்கும் அவர் தோழரும் 2011இல் சுமார் 7,800 கூட்டங்களைச் சேர்த்து அவ்வாறே செய்து, அச்சாய்வைக் கண்டனர். அது ஐன்ஸ்டீன் கணக்கோடு பொருந்திற்று. பின்வந்தோர், மண்டலங்களின் ஓட்டத்தால் விளையும் வேறு சிறு மாற்றங்களையும் கணக்கிற் சேர்க்கவேண்டுமென்று திருத்தினர்.

உலகம் போற்றிய பேரறிஞர் சொல்லையும் இவ்வாறு நூறாண்டாக உரைத்துப் பார்க்கின்றனர். "யார் சொன்னார்?" என்பதோடு நில்லாது, "எப்படி அளந்தனர்?" என்று கேட்கும் வழக்கம் தோட்டத்திலும் நகரத்திலும் வளர்க என்பதே நம் விருப்பம்.