பொருளும் எண்ணும்: மறதிநோய் அளவைகளின் வரலாற்றில் வேலூர்

வட ஆற்காட்டுத் தோல் தொழில் பட்டையில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களும் கணக்கில் கெட்டி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேற்பகுதி) தைப்பவருக்கு ஜோடிக் கணக்கு. பதனிட்டு முடித்த தோலுக்குச் சதுர அடிக் கணக்கு. குடியாத்தம், வேலூர்ப் பக்கம் வீட்டிலேயே பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலிக் கணக்கு. இந்தப் பட்டைக்கு அருகிலுள்ள கணியம்பாடி வட்டாரத்தில்தான், எழுதப் படிக்கத் தெரியாத முதியவரின் மறதிநோயை எப்படிக் கண்டறிவது என்ற கேள்வி 2000களில் கூர்மையாகச் சோதிக்கப்பட்டது.

இக்கட்டுரையின் வாதம் இது: சொற்பொருளும் எண்ணும் மூளையில் வெவ்வேறு வழிகளில் இயங்குகின்றன என்று நரம்பியல் தெளிவடைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மறதிநோய் அளவைகள் எழுத்தறிவுச் சார்பைக் களைவதற்காக எண்ணைப் பெருமளவு ஓரங்கட்டின. பொருளைக் கேட்கும் கேள்விகள் ஊர் வழக்குக்கு இறங்கி வந்தன. எண்ணைக் கேட்கும் கேள்விகள் அப்படி வரவில்லை.

1. இரண்டு வேறு இழப்புகள்

பிராக் நகர மருத்துவர் அர்னால்டு பிக், மூளையின் நெற்றிப்பொட்டு மடல் சுருங்கி மொழி குலைந்துபோன ஒரு நோயாளியை 1892இல் விவரித்தார். இழந்தது வெறும் சொல்லா, சொல் குறிக்கும் பொருளைப் பற்றிய அறிவா என்பது பிரித்தறியப்பட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு லண்டனில் எலிசபெத் வாரிங்டன் மூன்று நோயாளிகளை ஆராய்ந்தார். அவர்களுடைய பேச்சும் பார்வையும் பெரிதும் பழுதில்லாமல் இருந்தன. உலகப் பொருள்களைப் பற்றிய அறிவுதான் கரைந்திருந்தது. 1989இல் மான்செஸ்டரில் ஜூலி ஸ்னோடனும் உடனாய்வாளர்களும் இதைச் சொற்பொருள் மறதிநோய் என்று பெயரிட்டுத் தனியே வகைப்படுத்தினர். இந்நோயாளி தடங்கலின்றிப் பேசுவார். ஆனால் முதலில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள வேறுபாடு மங்கும். பிறகு எல்லாமே ‘மிருகம்’ ஆகிவிடும்.

எண்ணின் வரலாறு வேறு தடத்தில் போனது. 1920களில் வியன்னாவின் யோசெஃப் கெர்ஸ்ட்மன், விரல்களை அடையாளம் காண முடியாமை, எழுத முடியாமை, கணக்கிட முடியாமை ஆகியவை சேர்ந்து வருவதைக் கவனித்தார். அந்த இடம் இடப்பக்கச் சுவர்மடல், அதாவது மண்டையின் உச்சிக்குப் பின்புறப் பகுதி. 1991இல் சிபொலொட்டி, பட்டர்வொர்த், டெனெஸ் ஆகியோர் விவரித்த இத்தாலியப் பெண்மணி, குடும்ப விடுதியின் வரவு செலவைப் பார்த்துவந்தவர். பக்கவாதத்துக்குப் பின் நன்றாகப் பேசினார். நான்குக்கு மேற்பட்ட எண் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. இதன் மறுபாதியை 2001இல் கப்பலெட்டியும் உடனாய்வாளர்களும் காட்டினர். அவர்களுடைய நோயாளிக்குச் சொற்பொருள் அறிவு கடுமையாகச் சிதைந்திருந்தது. எண்ணறிவோ பெரும்பாலும் அப்படியே நின்றது.

எண் மூளையில் மூன்று வடிவங்களில் இருக்கிறது என்று பிரான்சின் ஸ்தனிஸ்லாஸ் தெஹான் 1992இல் முன்வைத்தார்: எழுதிய இலக்கம், ஒலிக்கும் சொல், அளவு பற்றிய உணர்வு. வாய்ப்பாடு சொல்வடிவில் பதிகிறது. எது கூட, எது குறைச்சல் என்ற மதிப்பீடு சுவர்மடலைச் சார்ந்தது. பரவலாகக் காணப்படும் அல்சைமர் நோயில் இரு வழிகளும் காலப்போக்கில் பழுதாகும் என்றாலும் ஒரே வேகத்தில் ஆவதில்லை. பல படி கொண்ட கணக்கு முந்தித் தடுமாறும். மனப்பாடமான சிறு கணக்கு நெடுநாள் தாங்கும்.

2. நூறிலிருந்து ஏழு

வாரிங்டனின் கட்டுரை வந்த அதே 1975இல், ஃபோல்ஸ்டீன் இணையரும் மெக்ஹியூவும் அமெரிக்காவில் 30 மதிப்பெண் கொண்ட ஒரு சிறு மனநிலைச் சோதனையை வெளியிட்டனர். நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது, காகிதத்தில் உள்ள கட்டளையைப் படித்து அதன்படி செய்வது ஆகியவை அதில் இருந்தன. உலகமெங்கும் பரவிய இச்சோதனையில் படிக்காதவர் நோயில்லாமலே மதிப்பெண் இழந்தார்.

இந்தியாவில் இதற்கு முதற்பெரும் மாற்று ஹரியானாவின் பல்லப்கரில் உருவானது. மேரி கங்குலியும் உடனாய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட இந்தி வடிவத்தில், வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஏதேனும் சொன்னால் போதும். அவ்வட்டாரத்தில் 65 வயதுக்கு மேற்பட்டோரில் 1.36% பேருக்கே மறதிநோய் என்று 1998இல் வந்த முடிவு, உலக அளவில் மிகக் குறைந்தவற்றுள் ஒன்று.

3. கணியம்பாடியில் நடந்தது

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறை. மாண்ட்ரியலில், விழித்திருக்கும் நோயாளியின் மூளையைத் தூண்டிப் பேச்சுக்குரிய இடங்களை வரைபடமாக்கிய வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர் அவர். அதே கல்லூரி கணியம்பாடியில் செய்தது வேறு வகை வேலை; அறுவை அரங்கை விட்டு வீட்டு வாசலில் அமர்ந்து கேட்பது.

1998இல் கொச்சியில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் 10/66 ஆய்வுக்குழு பிறந்தது. மறதிநோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதில்லை என்பதே பெயரின் கணக்கு. மார்ட்டின் பிரின்ஸ் தலைமையிலான இக்குழுவின் கிராமப்புற இந்தியக் களம் வேலூரை அடுத்த இந்தக் கணியம்பாடி. இங்கே பணியை நடத்தியவர் மனநல மருத்துவர் கே. எஸ். ஜேக்கப். கனடாவின் கிரீ பழங்குடியினருக்காக வடிவமைத்த ஒரு சோதனையே இவர்களின் முதன்மைக் கருவி. 2011இல் வந்த அதன் குறுவடிவில் முதியவரிடம் கேட்பதற்கு ஏழு கேள்விகளே உண்டு. ஊர்ப்பேச்சில் அவை ஏறக்குறைய இப்படி ஒலிக்கும்: “ஆயா, சுத்தி வெச்சு என்ன பண்ணுவாங்க? இந்த ஊர்ல மருந்து வாங்க எங்க போவாங்க? முதல்ல ஜன்னலக் காட்டு, அப்புறம் கதவக் காட்டு.” பொருளறிவு, இடவுணர்வு, மூன்று சொல் நினைவு எல்லாம் அதில் உண்டு. கூட்டல் கழித்தல் இல்லை.

2008இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு அதிர்ச்சி தந்தது. அமெரிக்க மனநல வரையறைப்படி கிராமப்புற இந்தியாவில் மறதிநோய் 0.3% மட்டுமே. 10/66 வரையறைப்படி ஆய்வுக்களங்களின் விகிதங்கள் 5.6% முதல் 11.7% வரை இருந்தன. வளர்ச்சி குறைந்த இடங்களில் உறவினர் முதியவரின் தடுமாற்றத்தைக் குறைத்தே சொல்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். வீட்டில் பெரியவரிடம் யாரும் பெரிய பொறுப்பை எதிர்பார்க்காதபோது குறையும் கண்ணில் படுவதில்லை.

4. விடுபட்ட எண்

எண் முழுதாக விலகிவிடவும் இல்லை. முழுவடிவச் சோதனையில் பணத்தைக் கையாள்வது பற்றி ஒரு கேள்வி உண்டு. அது உறவினரிடம் கேட்கப்படுவது. அதாவது கிராமத்தில் பலவீனமானது என்று ஆய்வே காட்டிய உறவினர் வாய்மொழியை நம்பித்தான் எண் நிற்கிறது. பணக் கணக்கில் வரும் பிசகு மறதிநோயின் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று என்பதால் இந்த இடைவெளி சிறியதன்று.

இப்பட்டைக்கு மொழிச் சிக்கலும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் வீட்டில் உருது, கடைத்தெருவில் தமிழ். சுவர்ணா அல்லாடி ஹைதராபாதில் 648 மறதிநோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, இருமொழியாளருக்கு நோய் தென்பட்ட வயது சராசரியாக 4.5 ஆண்டு பிந்தியது. எழுத்தறிவற்றோரிடமும் அதே போக்கு. எண்ணுவது எந்த மொழியில், கூலி பேசுவது எந்த மொழியில் என்று அறியாமல் இப்படிப்பட்டவரின் எண்ணறிவை மதிப்பிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதலில் தயாரித்த அறிவுத்திறன் சோதனைத் தொகுப்பின் ஐந்து மொழிகள் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். தமிழ் அதில் இல்லை.

ஏழேழாகக் கழிப்பதைக் கைவிட்டது சரியான முடிவே. அதன் இடத்தை நிரப்பத் தொழிற்கணக்கு கைவசம் இருக்கிறது. ஆயிரம் பீடிக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எழுநூறுக்கு எவ்வளவு என்று கேட்கலாம். பத்து ஜோடி அப்பரில் மூன்று திரும்பி வந்தால் கூலி எத்தனைக்கு என்று கேட்கலாம். வழக்கமான கூலி விகிதத்தைக் கேட்டால் மனப்பாடமே விடையாகும். ஆகவே விகிதத்தை மாற்றிக் கேட்பது அவசியம். அந்த வேலையைச் செய்யாத முதியவருக்குச் சந்தைக் கணக்கு வேண்டும். இப்படிக் கட்டிய கேள்விகள் நோயற்ற முதியவர் பலரிடம் முதலில் சோதிக்கப்பட்டு, பொருளறிவுக் கேள்விகளோடு சேராமல் தனி மதிப்பெண் பெறவேண்டும். அப்போதுதான் ஒருவரிடம் தேய்வது பொருளா, எண்ணா, இரண்டுமா என்பதை உறவினர் வாக்குமூலத்துக்குக் காத்திராமல் சுகாதாரப் பணியாளரே நேரில் பிரித்தறிய முடியும்.