எழுபது டிகிரியில் ஒரு தேடல்

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பீறிட்டெழும் வெந்நீரைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். 1964-ல் அங்கே போன தாமஸ் பிராக்கின் கண், ஊற்றிலிருந்து வழிந்தோடும் வாய்க்காலில் நின்றது. ஊற்றுக்கண் அருகே தண்ணீர் தெளிவாக இருந்தது. ஓடி ஓடி ஆறும் இடத்தில் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று படலங்கள். சூடு குறையக் குறைய நிறம் மாறியது. நிறம் மாறிய இடத்தில் குடியிருக்கும் உயிரும் மாறியது.

இண்டியானா பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளரான அவருக்கு அந்த வாய்க்கால் பல ஆண்டு வேலையைக் கொடுத்தது.

வெப்பம் விரும்பும் பாக்டீரியாக்கள் உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். ஆனால் ஆய்வுக்கூடங்களில் அவற்றைப் பொதுவாக 55 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் வளர்த்தார்கள். அந்தச் சூட்டில் தேடினால் அந்தச் சூட்டுக்கு ஏற்றவைதானே அகப்படும்? 1966-ல் மஷ்ரூம் ஊற்றில் எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டு, பிராக்கும் அவருடைய இளங்கலை மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் இரண்டு விஷயங்களை மாற்றினார்கள். வெப்பத்தை 70 டிகிரிக்கு உயர்த்தினார்கள்; சத்துக் கரைசலை நன்றாக நீர்க்க வைத்தார்கள். ஊற்றுநீரில் உணவு மிகக் குறைவு. அங்கே வாழப் பழகிய உயிருக்கு விருந்து வைத்தால் ஒத்துவராது. மஞ்சள் நிறத்தில் ஒரு பாக்டீரியா வளர்ந்தது. 79 டிகிரி வரை தாங்கும் அதற்கு 1969-ல் ‘தெர்மஸ் அக்வாட்டிகஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அதன் உறவுகள் பல்கலைக்கழகக் கட்டடத்து வெந்நீர்க் குழாயிலேயே அகப்பட்டன என்பதுதான் வியப்பு!

கொதிக்கும் ஊற்றுக்குள் என்ன இருக்கிறது? அந்தப் பூங்கா இருக்கும் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பிராக் கண்ணாடிச் சில்லுகளை நூலில் கட்டி ஊற்றுக்குள் தொங்கவிட்டார். சில நாள் கழித்து எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், சில்லு முழுக்க பாக்டீரியா. நீரில் மிதந்து வந்து ஒட்டிக்கொண்டவையாகவும் இருக்கலாமே? அதனால் சில சில்லுகளில் புற ஊதாக் கதிரை அவ்வப்போது பாய்ச்சி, ஒட்டியவற்றைக் கொன்றார்கள். கதிர் படாத சில்லுகளில் எண்ணிக்கை வேகமாக ஏறியது. 90 டிகிரிக்கு மேலும் உயிர் பெருகுகிறது என்பது இப்படித்தான் உறுதியானது. இவ்வளவு எளிய கருவியில் இவ்வளவு கறாரான சோதனை அறிவியலில் அபூர்வம்.

தெர்மஸின் பிற்காலக் கதை பலருக்கும் தெரியும். 1976-ல் அதிலிருந்து, சூட்டில் சிதையாத ஒரு நொதியைப் பிரித்தெடுத்தார்கள். 1983-ல் கேரி முல்லிஸ் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பி.சி.ஆர். முறையை யோசித்தார். அதில் ஒவ்வொரு சுற்றிலும் கரைசலை ஏறத்தாழ 95 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அதுவரை நகலெடுக்கப் பயன்பட்ட நொதி அந்தச் சூட்டில் செத்துப்போகும், மறுபடி ஊற்ற வேண்டும். தெர்மஸின் நொதி வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. கொரோனாக் காலத்தில் உலகம் முழுக்க நடந்த பி.சி.ஆர். பரிசோதனைகளின் வேர் இங்கேதான்.

ஆனால் பிராக்கை முதலில் இழுத்தது வேறொன்று. ஆக்டோபஸ் ஊற்றின் வாய்க்காலில் 80 டிகிரிக்கு மேல் அசைந்துகொண்டிருந்த இளஞ்சிவப்பு இழைகள். வெறுங்கண்ணுக்கே தெரியும் அவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடியவில்லை. 1980-களில் நுண்ணுயிரியலாளர் நார்மன் பேஸின் குழுவினர் வளர்க்கும் முயற்சியையே விட்டுவிட்டு, ஊற்று உயிர்களின் ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் படித்து இனம் காணத் தொடங்கினார்கள். 1998-ல்தான், ஓடும் நீரை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் கொடுத்த பிறகு, ‘தெர்மோக்ரைனிஸ் ரூபர்’ என்று பெயர் பெற்ற அந்த இளஞ்சிவப்பு உயிர் இழை இழையாக வளர்ந்தது.