கெப்பெட்டிபொலயின் தலையும் ரோதை முனியும்

வெலிமடைக்குப் பக்கத்தில் உள்ள கெப்பெட்டிபொல என்றாலே இன்று பலருக்கும் ஞாபகம் வருவது உருளைக்கிழங்கும் லீக்ஸும்தான். அங்குள்ள பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லொறிகள் மலையிறங்குகின்றன. ஊருக்குப் பெயர் தந்த மனிதரின் தலையோ ஒரு காலத்தில் கப்பலேறிப் போனது.

1817இல் ஊவாவில் கிளர்ச்சி மூண்டபோது, அதை அடக்கிவர வெள்ளைக்காரர் ஆயுதம் கொடுத்து அனுப்பிய திசாவைதான் மொனரவில கெப்பெட்டிபொல. போன இடத்தில் அவர் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். ஆனாலும் வாங்கிய ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் அந்த மண்டையோட்டை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோனார். மண்டையின் மேடுபள்ளம் பார்த்து மனிதக் குணம் சொல்வதாக நம்பிய எடின்பரோ சங்கமொன்றின் காட்சிசாலையில் அது கிடந்தது. சுதந்திரத்துக்குப் பின் நாடு திரும்பி, 1954இல் கண்டியில் அடக்கமானது.

அதே எடின்பரோவில் இப்போது பொழுது சாய்ந்தால் வழிகாட்டிகள் சுற்றுலாப் பயணிகளைச் சந்து சந்தாகக் கூட்டிப்போய்ப் பேய்க்கதை சொல்கிறார்கள். இங்கிலாந்தின் யோர்க் நகரில் இந்த வியாபாரம் 1973இலேயே தொடங்கிவிட்டது. ஊவாத் தலையின் கதை அந்தச் சந்துகளில் சொல்லப்படுமா என்ன?

பதுளையில் அப்படியொரு இரவு நடை போட்டால் சரக்குக்குப் பஞ்சமே இராது. புனித மார்க் தேவாலயத்தில் தொடங்கலாம். மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸின் நினைவாக எழுந்த கோயில் அது. பதுளையின் நீதிபதியாகவும் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்தவர். சுட்ட யானைகள் 1,400க்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையையும் இடி விடவில்லை என்பார்கள். யானைப் பாவம் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அடுத்தது சோபியா வில்சன். ஊவாவில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்த சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சனின் மனைவி. 1817 மே மாதம் பதுளையில் இறந்தார். நாலு மாதம் கழித்துக் கிளர்ச்சிக்காரரின் அம்புக்குக் கணவரும் பலியானார். அந்த அம்மையாரின் கல்லறைக் கல்லை அரச மரமொன்று தன் அடிமரத்துக்குள் அணைத்துப் பிடித்துக்கொண்டது.

துரைமாருக்குக் கல் இருக்கிறது, கல்லில் பெயரும் திகதியும் இருக்கின்றன. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தவர்களில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்கு எந்தக் கல்லும் இல்லை.

ஆனால் அவர்களோடு முனி வந்தது. மாடசாமி வந்தார், காட்டேரியும் வந்தது. உச்சிப் பொழுதிலும் அந்தியிலும் பீலிக்கரைக்குத் தனியாகப் போகாதே, தலையை விரித்துப் போடாதே என்று லயத்துக் கிழவிகள் பேத்திகளைக் கண்டிப்பார்கள். மீறிப் போனவள் பயந்து வந்தால் கோடாங்கி உடுக்கை எடுப்பார். தேயிலை வந்தபின் சாமிகளுக்கும் புது வேலை கிடைத்தது. கவ்வாத்துக் கத்தி காலில் பாயாமல் காக்கக் கவ்வாத்துச் சாமி. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரைச்சலோடு சுழலும் சக்கரத்துக்கு ரோதை முனி. ‘ரோதை’ போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். சக்கரம் என்று பொருள். இயந்திரம் கையைப் பிடித்து இழுத்துவிடக் கூடாதே என்ற பயம்தான் அங்கே சேவலும் சாராயமும் சுருட்டுமாகப் படையலானது. லிவர்பூலிலிருந்தோ கிளாஸ்கோவிலிருந்தோ வந்த இரும்பு, தமிழ் முனியின் காவலில் ஓடியது!

பதுளையில் யாராவது பேய் நடை தொடங்கினால் தேவாலயத்தோடும் அரச மரத்தோடும் முடித்துவிட வேண்டாம். ஒரு பஸ் பிடித்தாவது ஆட்களைத் தோட்டத்து ஸ்டோர் வாசல் வரை கூட்டிப் போங்கள். போகும்போது சுருட்டு ஒன்று கையில் இருக்கட்டும்.