நம்பர் மாறிய சட்டம்

இன்னைக்கு ஒரே ஒரு சட்டப்பிரிவு. 1924, லாகூர். நபிகள் நாயகத்தைக் கேலி செய்த ஒரு நூலை ராஜ்பால் என்கிற பதிப்பாளர் வெளியிட்டார். தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 1927-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஊரே கொந்தளிச்சது. அதே வருஷம் 295ஏ பிறந்தது: மத உணர்வை வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு புண்படுத்தினால் சிறை.

உண்மையைத் தேடுறவங்களுக்கும், மதத்தை நேர்மையா விமர்சிக்கிறவங்களுக்கும் பாதுகாப்பு வேணும்னு அந்த விவாதத்தில் சொன்னவர் யார் தெரியுமா? ஜின்னா!

சட்டம் வந்தும் 1929-இல் ராஜ்பாலைக் குத்திக் கொன்றார்கள்.

நோக்கம் கெட்டதா இல்லையான்னு நீதிமன்றம் கடைசியில்தான் சொல்லும். கைது முதல்லயே வந்துடும். என் கவலை அங்கதான். 2024 ஜூலையில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தப்போ, கிட்டத்தட்ட பழைய கோடை காப்பி-பேஸ்ட் பண்ற மாதிரி, நம்பர் 299 ஆச்சு.