யார் பெயர் அழைக்கப்படுகிறது? மட்டாஞ்சேரி ஜூ டவுனில் சிறுவர் கல்வியும் குண வளர்ச்சியும்

1. ஆய்வுப் பொருள்

தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளையின் குணத்தை உருவாக்குவது எது? நீதிபோதனை வகுப்பா, ஆசிரியரின் கண்டிப்பா, சுவரில் எழுதி வைத்த குறளா? கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள யூதர் தெருவான ஜூ டவுனின் கல்வி வரலாறு இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் ஒன்றைத் தருகிறது. ஊர் தன் பொதுக் காரியத்தில் பிள்ளைக்கு ஒரு பங்கைக் கொடுக்கும்போதுதான் குணம் வளர்கிறது. அந்தப் பங்கை மறுக்கும்போது பிள்ளை கற்பது வேறொரு பாடம். இரண்டுக்கும் சான்று அந்த ஒரே தெருவில் இருக்கிறது.

2. களம்

கொச்சி அரசர் தம் அரண்மனையை அடுத்துக் கொடுத்த நிலத்தில் 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த குடியிருப்பு இது. கடவும்பாகம், தெக்கும்பாகம், பரதேசி என மூன்று ஜெப ஆலயங்கள் ஒரே தெருவில் இருந்தன. 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஆலயம் மட்டுமே இன்று ஜெப ஆலயமாக நிலைத்திருக்கிறது. சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் 1000-ஆம் ஆண்டளவில் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேடுகள் அந்த ஆலயத்தின் உடைமை.

3. மாடியில் ஒரு வகுப்பறை

கேரளத்து யூதர்களின் பள்ளி ஆலயத்தோடு ஒட்டியே வளர்ந்தது. ஆலயங்கள் பலவற்றில் பெண்கள் அமரும் மாடிப் பகுதியை அடுத்த அறையில்தான் சிறுவர்கள் எபிரேயம் படித்தார்கள். அரசுப் பள்ளிக்கும் கான்வென்ட்டுக்கும் போன தலைமுறையிலும் இந்தப் படிப்பு நிற்கவில்லை.

கட்டட அமைப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேதம் வாசிக்கும் மேடையை அவர்கள் 'தேவா' என்பார்கள். உலகெங்கும் ஆலயத்துக்கு ஒரு மேடை என்றால் கேரளத்தில் இரண்டு. ஒன்று கீழே கூடத்தின் நடுவில். இன்னொன்று மாடியில், பெண்கள் பகுதிக்கு முன்னால். மேல் மேடையில் வாசிப்பவரின் குரல் மரத்தடுப்புக்கு அந்தப்புறம் இருக்கும் தாய்க்கும் பாட்டிக்கும் மிக அருகில் கேட்கும். வகுப்பில் படித்தது யாருடைய காதுக்குப் போகப்போகிறது என்பது அந்தப் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

4. வாசிப்பும் திருத்தமும்

யூத மரபில் ஆண்பிள்ளைக்குச் சமயப் பொறுப்பு வரும் வயது 13. கொச்சியிலோ அதற்கு வெகு முன்பே, பால் மணம் மாறாத சிறுவர்கள் தீர்க்கதரிசிகளின் நூற்பகுதியைச் சபை முன் இசையோடு ஓதினார்கள். பிறகு தோரா எனும் வேதச் சுருள். அதில் உயிர்க்குறிகள் கிடையாது, இசைக்குறிகளும் கிடையாது. மெய்யெழுத்துகள் மட்டும் இருக்கும். உச்சரிப்பும் ராகமும் மனப்பாடமாக வர வேண்டும். ஒரு சொல் பிசகினாலும் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் அங்கேயே திருத்துவார். வாசிப்பவர் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிவிட்டு மேலே செல்வார்.

குண வளர்ச்சி என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான். பலர் முன்னிலையில் தவறுவது, திருத்தப்படுவது, கூனிக் குறுகாமல் தொடர்வது: இதை எந்த நீதிக்கதையாலும் கற்பிக்க முடியாது. சபைக்கு அந்த வாசிப்பு உண்மையாகவே தேவைப்பட்டது. பெற்றோரை மகிழ்விக்க நடத்தும் ஆண்டு விழா நிகழ்ச்சியோடு இதை ஒப்பிட முடியாது.

மேடையேறும் உரிமை பெண்பிள்ளைகளுக்கு இல்லை, இது பெருங்குறை. ஆனாலும் அவர்கள் எபிரேயம் படித்தார்கள், வழிபாட்டில் வாய்விட்டுப் பாடினார்கள். மலையாளத்தில் தங்களுக்கென்று பாட்டு மரபு ஒன்றை வளர்த்து, நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றினார்கள். பின்னாளில் பேராசிரியர் ஸ்கரியா சக்கரியா, பார்பரா ஜான்சன் முதலிய ஆய்வாளர்களுக்குக் கிடைத்த செல்வம் அந்த நோட்டுகளே.

5. அழைக்கப்படாதவர்கள்

இதே தெருவின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பரதேசி ஆலயத்தில் 'மெஷுஹ்ராரிம்' எனப்பட்டவர்கள், அதாவது விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர், சமமாக அமர முடியாது. பின்புறத்தில், வாசலருகே தரையில் இருக்க வேண்டும். தோரா வாசிக்க அவர்கள் பெயர் அழைக்கப்படாது. அதே எழுத்தை, அதே ராகத்தைப் படித்த பிள்ளைக்கு மேடை மட்டும் கிடையாது. சாதி எப்படிப் பாடமாகிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. புத்தகத்தில் அது இல்லை. அழைக்கும் வரிசையில் இருந்தது.

அந்தப் பிரிவில் பிறந்தவர் ஏ. பி. சேலம் (1882–1967). சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞராகி, கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். காந்தியின் வழியை ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோய்ச் சத்தியாகிரகம் செய்தார். தடைகள் ஒரே நாளில் விழவில்லை. பல பத்தாண்டுகள் பிடித்தன. அதே பிரிவினராக எண்ணப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர் ரூபி டேனியல் (1912–2002). இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படைப் பணியில் சேர்ந்தார். 1951-இல் இஸ்ரேலில் குடியேறினார். முதுமையில் தம் நினைவுகளை நூலாக்கி, பெண்களின் பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். மேடை மறுக்கப்பட்ட வீட்டிலிருந்துதான் அந்த ஊரின் நினைவைக் காத்தவர் வந்தார். இதைக் காட்டி ஒதுக்குதலே உரமிட்டது என்று வாதிடுவோர் உண்டு. நான் ஏற்கமாட்டேன். ஒரு சேலத்துக்கும் ஒரு ரூபிக்கும் பின்னால், வாய் திறக்காமலே போன பிள்ளைகள் எத்தனையோ பேர்.

6. இன்றைய சிறு பள்ளிக்கு

1948-க்குப் பிறகு, பெரும்பாலும் 1950-களில், கொச்சி யூதர்களில் மிகப் பலர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். கடவும்பாகம் ஆலயத்தின் மரவேலைப்பாடுகள் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்தது. ஜூ டவுனில் இன்று எபிரேயம் படிக்கப் பிள்ளைகள் இல்லை.

நம் ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் குறள் சொல்லவும் செய்தி வாசிக்கவும் முன்னால் வருவது பெரும்பாலும் நன்றாகப் படிக்கும் அதே இரண்டு மூன்று பேர். இருபது முப்பது பேரே படிக்கும் சிறு பள்ளிக்கு இதில் பெரிய வசதி உண்டு: ஒரே மாதத்தில் எல்லோருக்கும் முறை வந்துவிடும். திக்குவாய்ப் பிள்ளைக்கும், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கும், ஊர்க்கோடித் தெருவிலிருந்து வரும் பிள்ளைக்கும் வர வேண்டும். தலைமையாசிரியர்கள் நாளைக் காலையே வருகைப் பதிவேட்டைத் திறந்து, இந்த ஆண்டு ஒருமுறைகூட அழைக்கப்படாத பெயர் எது என்று பார்த்து, அந்தப் பிள்ளையை முதலில் அழைக்க வேண்டும்.