உப்பளத்து எர்த்தும் சட்டைப்பை ஆம்ப்பும்

கையடக்க ஹெட்போன் ஆம்ப்பும், எண்வடிவ ஒலியை மின்னலையாக மாற்றும் டாக்கும் வாங்கப் போகிறவர் எத்தனை மில்லிவாட், எத்தனை பிட் என்றுதான் முதலில் கேட்கிறார். நூறாண்டுக் கதையைப் பார்த்தால், காதுக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதைக் கருவியின் வலுவைவிட, அதற்கும் ஹெட்போனுக்கும் இருந்த பொருத்தமே தீர்மானித்திருக்கிறது. சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924இல் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, உலகெங்கும் மலிவான வானொலி என்றால் கிரிஸ்டல் செட்தான். ஒரு கலீனாக் கல், கம்பிச்சுருள், ஏரியல், எர்த். பேட்டரி கிடையாது, ஆம்ப்பும் கிடையாது. அலையோடு வந்த துளி ஆற்றலே ஹெட்போனின் தகட்டை அசைக்க வேண்டும். அதனால்தான் மயிரிழை போன்ற கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி, 2,000 ஓம், 4,000 ஓம் ஹெட்போன்களைச் செய்தார்கள். குறைந்த ஓம் ஹெட்போனை அங்கே மாட்டினால் சத்தம் ஏறக்குறைய செத்துப்போகும்.

மண்ணும் இந்தப் பொருத்தத்தில் ஒரு பங்காளி. ஈரமும் உப்பும் கலந்த தரை மின்னோட்டத்தை நன்றாகக் கடத்தும், வறண்ட பாறை கடத்தாது. சென்னைக்குத் தெற்கே பெருமுக்கல் குன்றின் மேல் எர்த் கம்பி இறக்குவதும், கிழக்கே மரக்காணம் உப்பளத்தில் இறக்குவதும் ஒன்றல்ல. கிளப்பின் ஒலிபரப்பை நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இந்தக் கரையில் கிரிஸ்டல் செட்டால் பிடித்திருக்க முடியாது என்பது வேறு விஷயம். கிளப் 1927இல் ஓய்ந்தது. 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைக் கையிலெடுத்தது, 1938இல் அகில இந்திய வானொலி வந்தது. வால்வு செட்டும் ஒலிபெருக்கியும் பரவியதும் ஹெட்போன் ஒதுங்கிப்போனது. 1979இல் வாக்மேன்தான் அதை மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்தது. அது பேட்டரியில் ஓடும் சிறு கருவி, ஆகவே சில பத்து ஓம் ஹெட்போனே அதற்கு வாகாக இருந்தது.

'அன்று ஆற்றல் இல்லை, இன்று தாராளமாகக் கிடைக்கிறதே, பெரிய ஆம்ப்பாக வாங்கினால் என்ன?' என்று கேட்கலாம். 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 வைத்திருப்பவருக்கு அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு மின்னழுத்தம் வேண்டும், பல போன்கள் தருவது போதாது. 16 ஓம் இயர்போனுக்கு அதே ஆம்ப்பைக் கொடுத்தால் இரைச்சல்தான் மேலெழும். ஆம்ப்பின் வெளியீட்டு மின்தடை, ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மீறினால் சிலவகை இயர்போன்களில் தாழ்சுருதிக்கும் மேல்சுருதிக்கும் உள்ள விகிதமே மாறிவிடும். பெட்டியின் மேல் இந்த எண்ணைப் பெரிதாக அச்சிடுவோர் அரிது, விளம்பரத்துக்கு உதவாது போலும்.

பிட் எண்ணிக்கையை நம்புகிறவர்கள் 1982ஐ நினைத்துப் பார்க்கலாம். சோனியின் முதல் சிடி பிளேயரில் 16 பிட் டாக். பிலிப்ஸ் சிடி100இல் இருந்ததோ 14 பிட்தான். ஆனால் மாதிரி வேகத்தை நான்கு மடங்காக்கி, இரைச்சலைக் காது எட்டாத இடத்துக்குத் தள்ளி, பிலிப்ஸ் 16 பிட்டுக்கு இணையான துல்லியத்தைப் பெற்றது. 16 பிட்டே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளி தரும்போது, வீட்டு மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே கேட்பவருக்கு 32 பிட் எதற்கு? 'மாற்றியதும் வித்தியாசம் தெரிந்ததே' என்பார்கள். தெரிந்திருக்கும். சற்றே உரக்க ஒலிப்பது மேலானதாகத் தோன்றுவது காதின் இயல்பு. இரண்டையும் ஒரே அளவில் வைத்துக் கேட்ட பிறகு சொன்னால் ஏற்கலாம். 2016இல் ஐபோன் 7இலிருந்து ஹெட்போன் ஜாக் துளையை எடுத்த ஆப்பிள், ஆம்ப்பையும் டாக்கையும் விரல்நீள அடாப்டர் கம்பிக்குள்ளேயே அடக்கியது. சாதாரண இயர்போனுக்கு அதுவே போதும். புளூடூத் இயர்போனில் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன, அதில் கேட்பவருக்குத் தனிப்பெட்டி வீண்செலவு.